சாவியோடு விழித்துச் சாவியோடு உறங்கும் இணைப்பு: பைக்கில் துணைக் கருவிகளுக்கு ஒயரிங் செய்யும் முறை

கைப்பேசி சார்ஜரின் சிவப்பு ஒயரைப் பேட்டரியின் பாசிட்டிவ் முனையிலும் கறுப்பு ஒயரை நெகட்டிவ் முனையிலும் முடுக்கிவிட்டால் வேலை முடிந்தது என்றுதான் நானும் முதன்முதலில் நினைத்திருந்தேன். சார்ஜர் நன்றாகவே வேலை செய்தது. இரண்டு வாரம் வெளியூரில் இருந்துவிட்டுத் திரும்பிய அன்று காலையில் ஸ்டார்ட்டர் பொத்தானை அழுத்தியபோதுதான், இருக்கைக்கு அடியிலிருந்து வந்த மெல்லிய 'டிக்' ஓசையைத் தவிர வண்டியிடம் வேறு எந்த அசைவும் இல்லை என்பதைக் கண்டேன். கைப்பேசி எதுவும் செருகப்படாத நிலையிலும் அந்தச் சார்ஜர் தன் சிறிய நீல விளக்குக்காகவும் உள்ளே இருக்கும் சுற்றுக்காகவும் இரவும் பகலும் பேட்டரியிலிருந்து கரண்டை எடுத்துக்கொண்டே இருந்திருக்கிறது.

அது எடுத்த அளவு கேட்பதற்கு அற்பமானது. இத்தகைய கருவி சும்மா இருக்கும்போது 20 மில்லி ஆம்பியர் எடுப்பதாக வைத்துக்கொள்வோம். ஒரு நாளைக்கு 24 மணி நேரம் என்று பெருக்கினால் 0.48 ஆம்பியர் மணி ஆகிறது. 14 நாளில் அது 6.7 ஆம்பியர் மணியை எட்டிவிடும். பேட்டரியின் மொத்தக் கொள்ளளவே 8 அல்லது 9 ஆம்பியர் மணியாக இருக்கும் வண்டிகளில், ஸ்டார்ட்டரைச் சுழற்றுவதற்குத் தேவையான வலு அதற்கு வெகுநாள் முன்பே போயிருக்கும். லெட் ஆசிட் பேட்டரியை இப்படி ஒட்ட வடிய விட்டு அப்படியே கிடக்க விட்டால், அதன் தகடுகளின் மேல் படியும் லெட் சல்பேட் கெட்டியான படிகங்களாக இறுகிவிடும் என்பதையும் சேர்த்து எண்ண வேண்டும். மறுபடி சார்ஜ் ஏற்றினாலும் பழைய கொள்ளளவு முழுமையாகத் திரும்புவதில்லை. இந்தியாவில் 2020 ஏப்ரல் முதல் வாகனப் புகையைக் கட்டுப்படுத்தும் பிஎஸ் 6 விதிகள் நடைமுறைக்கு வந்தபின் பெரும்பாலான பைக்குகள் ஃபியூயல் இன்ஜெக்‌ஷனுக்கு மாறிவிட்டன. அவற்றில் பெட்ரோல் பம்புக்கும் இசியு எனப்படும் கட்டுப்பாட்டுப் பெட்டிக்கும் கரண்ட் வேண்டும் என்பதால், பேட்டரி முழுதாக இறங்கிய வண்டியைத் தள்ளி ஸ்டார்ட் செய்யும் பழைய வழியும் பல நேரங்களில் கைகொடுப்பதில்லை.

ஆகவே துணைக் கருவி எதுவாயினும், சாவியைத் திருப்பினால் உயிர் பெற்று, சாவியை எடுத்தால் தானாக அணைந்துவிட வேண்டும். இதை எப்படிச் செய்வது என்பதே இக்கட்டுரையின் பொருள்.

இந்த இடத்தில் பலரும், ஏன், சில மெக்கானிக்குகளும்கூட, நேர் எதிர்த்திசையில் ஒரு பிழையைச் செய்கிறார்கள். சாவி போட்டால் கரண்ட் வரும் ஏதாவது ஓர் ஒயரைச் சுரண்டி, கருவியின் சிவப்பு ஒயரை அதில் முறுக்கி, டேப் சுற்றிவிடுவதே அது. கருவி சாவியோடு எரிந்து சாவியோடு அணையும் என்பது உண்மைதான். ஆனால் அந்தக் கருவி இழுக்கும் கரண்ட் முழுவதும் எந்த வழியாகப் போகிறது என்று பார்க்க வேண்டும். பேட்டரியிலிருந்து புறப்பட்டு, வண்டியின் முதன்மை ஃபியூஸைக் கடந்து, இக்னிஷன் ஸ்விட்ச்சுக்குள் இருக்கும் சிறிய பித்தளைத் தகடுகளின் வழியாக ஏறி, அங்கிருந்து மெல்லிய ஒயரில் இறங்கி வருகிறது. இந்தப் பாதை, வண்டியை வடிவமைத்தவர்கள் ஏற்கெனவே கணக்கிட்டு வைத்த லோடுக்காக மட்டும் போடப்பட்டது. ஒரு சிறிய சார்ஜரை அது தாங்கிக்கொள்ளக்கூடும். ஆனால் 55 வாட் ஹாலஜன் விளக்குகள் இரண்டை அதில் தொங்கவிட்டால், 110 வாட்டை 12 வோல்ட்டால் வகுக்க வரும் 9 ஆம்பியருக்கு மேற்பட்ட கரண்ட் கூடுதலாக அதே தகடுகளின் வழியே ஓடும். தகடுகள் சூடேறும், சூட்டில் கறுத்துப்போகும், கறுத்த இடத்தில் தடை மிகும், தடை மிக மிகச் சூடும் மிகும். ஒருநாள் இரவில் ஃபியூஸ் போய்விட்டாலோ, பல சிறிய வண்டிகளில் எல்லாவற்றுக்கும் ஒரே ஒரு முதன்மை ஃபியூஸ்தான் இருக்கும் என்பதால், கூடுதல் விளக்கோடு ஹெட்லைட்டும் என்ஜினும் சேர்ந்தே அணைந்துவிடும். மலைப்பாதை வளைவொன்றில் இது நேர்ந்தால் என்ன ஆகும் என்று நினைத்துப் பார்ப்பதே அச்சம் தருவதாக இருக்கிறது.

நேரடியாகப் பேட்டரியில் இணைத்தால் கரண்ட் வடிகிறது. நேரடியாகச் சாவி ஒயரில் இணைத்தால் ஸ்விட்ச் வேகிறது. இவ்விரண்டு தொல்லைகளையும் ஒன்றாகத் தீர்க்கும் சிறு பெட்டிக்குத்தான் ரிலே என்று பெயர்.

ரிலேயைப் புரிந்துகொள்ள ஏரி மதகை நினைத்துக்கொள்வது எனக்கு உதவியிருக்கிறது. வயலுக்குப் பாய வேண்டிய நீர் முழுவதும் மதகின் கண் வழியாகத்தான் போகிறது. கரைமேல் நின்று திருகுகோலைச் சுழற்றுகிறவர் அந்த நீரில் ஒரு சொட்டைக்கூடச் சுமப்பதில்லை. அவர் தருவது ஒரு சிறு விசை மட்டுமே. ரிலேயிலும் இதுபோல ஒன்றையொன்று தொடாத இரண்டு பாதைகள் இருக்கின்றன. ஒன்று, மெல்லிய செப்புக் கம்பியைப் பலநூறு முறை சுற்றிச் செய்த காயில். அதில் கரண்ட் பாய்ந்தால் அது காந்தமாகி, அருகிலிருக்கும் சிறு இரும்புப் பட்டையைத் தன்பால் இழுக்கும். மற்றொன்று, அந்தப் பட்டை நகர்வதால் ஒட்டிக்கொள்ளும் பெரிய காண்டாக்ட். பேட்டரியிலிருந்து கருவிக்குப் போகும் கரண்ட் இந்தக் காண்டாக்ட் வழியாகத்தான் ஓடும். வாகனங்களில் பயன்படும் 12 வோல்ட் ரிலேயின் காயிலுக்குத் தோராயமாக 0.15 முதல் 0.2 ஆம்பியர் போதும். அதன் காண்டாக்டோ 30 அல்லது 40 ஆம்பியர் வரை தாங்கும். ஆகவே இக்னிஷன் ஸ்விட்ச்சிடமிருந்து நாம் கேட்பது ஒரு செய்தி மட்டுமே: சாவி போட்டாயிற்று என்ற செய்தி. லோடைச் சுமக்கும் வேலையைப் பேட்டரியிலிருந்து நேரே வரும் தடித்த ஒயர் பார்த்துக்கொள்கிறது.

ரிலேயின் அடியில் தட்டையான கால்கள் நீட்டிக்கொண்டிருக்கும். ஒவ்வொன்றின் அருகிலும் ஓர் எண் பொறிக்கப்பட்டிருக்கும். இந்த எண்கள் ஜெர்மானியத் தரநிலை ஒன்றிலிருந்து வந்தவை என்பதால், எந்த ஊரில் எந்தக் கம்பெனியின் ரிலேயை வாங்கினாலும் பெரும்பாலும் பொருள் மாறுவதில்லை. 30 என்ற காலுக்குப் பேட்டரியின் பாசிட்டிவிலிருந்து, இடையில் ஒரு ஃபியூஸ் வழியாக, தடித்த ஒயர் வர வேண்டும். 87 என்ற காலிலிருந்து கருவியின் பாசிட்டிவுக்கு ஒயர் போக வேண்டும். 86, 85 ஆகிய இரண்டும் காயிலின் இரு முனைகள். 86இல் சாவி போட்டால் கரண்ட் வரும் மெல்லிய ஒயரையும், 85இல் எர்த் ஒயரையும், அதாவது பேட்டரியின் நெகட்டிவுக்குத் திரும்பும் ஒயரையும், கொடுக்க வேண்டும். சாதாரண ரிலேயில் 85ஐயும் 86ஐயும் இடம் மாற்றிக் கொடுத்தாலும் வேலை செய்துவிடும் என்பது உண்மை. ஆனால் சில ரிலேக்களுக்குள், காயில் அணையும் கணத்தில் எழும் உயர் மின்னழுத்தத் துள்ளலை அடக்குவதற்காக கரண்டை ஒரே திசையில் மட்டும் விடும் ஒரு டையோடு வைக்கப்பட்டிருக்கும். அதில் மாற்றிக் கொடுத்தால் கரண்ட் டையோடு வழியாக ஷார்ட் ஆகி, டையோடு கருகிவிடும். எனவே 86 பாசிட்டிவ், 85 எர்த் என்பதை எப்போதும் மாறாத பழக்கமாக வைத்துக்கொள்வது நல்லது.

கடையில் ரிலே கேட்டால் நான்கு கால் ரிலேக்குப் பதில் ஐந்து கால் ரிலேயைக் கொடுத்துவிடுவதும் உண்டு. நடுவிலிருக்கும் ஐந்தாவது கால் 87ஏ. காயிலில் கரண்ட் இல்லாதபோது 30உடன் ஒட்டியிருப்பது இந்தக் கால்தான். தவறுதலாகக் கருவியை இதில் இணைத்துவிட்டால் எல்லாம் தலைகீழாகிவிடும்: சாவி போட்டால் விளக்கு அணையும், சாவியை எடுத்தால் எரியும். ஐந்து கால் ரிலேயைப் பயன்படுத்தலாம். 87ஏ காலைத் தொடாமல் விட்டு, அதன்மேல் ஒரு ஸ்லீவை மாட்டிவிட்டால் போதும்.

இதுவரை சொன்னது எல்லா வண்டிகளுக்கும் பொது. இனி வருவது வண்டிக்கு வண்டி மாறுவது. புதிதாகச் செய்பவர்கள் தடுமாறுவதும் இங்கேதான். சாவி போட்டால் கரண்ட் வரும் அந்த மெல்லிய ஒயரை எங்கே தேடுவது? அதை ட்ரிக்கர் ஒயர் என்று வைத்துக்கொள்வோம்.

முதலில், நிறத்தை மட்டும் பார்த்து முடிவு செய்யக் கூடாது. ஹோண்டா தன் வண்டிகளில் கறுப்பு ஒயரைச் சாவி போட்டால் கரண்ட் வரும் பாசிட்டிவாகவும், பச்சை ஒயரை எர்த்தாகவும் பயன்படுத்தி வருகிறது. யமஹாவிலோ கறுப்பு எர்த். சாவியின் பின் வரும் பாசிட்டிவுக்குப் பழுப்பு. கறுப்பு என்றால் நெகட்டிவ்தானே என்று எண்ணிக்கொண்டு ஹோண்டாவின் கறுப்பு ஒயரை எர்த் முனையில் முடுக்கினால் அது நேரடி ஷார்ட். ஒரு கம்பெனியின் வண்டியில் பத்து முறை செய்த பழக்கம் அடுத்த கம்பெனியின் வண்டியில் ஃபியூஸை எரித்துவிடும். ஆகவே அந்தந்த வண்டியின் சர்வீஸ் மேனுவலில் உள்ள ஒயரிங் படத்தைப் பார்க்க வேண்டும். பார்த்தபின்னும் மல்டிமீட்டரால் உறுதி செய்துகொள்ள வேண்டும். சிறிய டிஜிட்டல் மல்டிமீட்டர் சில நூறு ரூபாய்க்குள் கிடைக்கிறது. அது இல்லாமல் இந்த வேலையில் இறங்க வேண்டாம் என்பது என் உறுதியான கருத்து.

சோதிக்கும் முறை இதுதான். மீட்டரை டிசி 20 வோல்ட் நிலையில் வைத்து, கறுப்பு முனையைப் பேட்டரியின் நெகட்டிவில் பிடித்து, சிவப்பு முனையால் ஐயத்துக்குரிய ஒயரைத் தொட வேண்டும். சாவி அணைந்திருக்கும்போது பூஜ்யம், போட்டதும் 12 வோல்ட்டுக்கு மேல் என்று காட்டினால் அது தகுதியான ஒயர். ஹேண்டில் பூட்டியிருக்கும் நிலையிலும் ஒருமுறை பார்க்க வேண்டும். சாவியில் பார்க்கிங் விளக்குக்கெனத் தனி நிலை இருக்கும் வண்டிகளில், சாவியை எடுத்த பிறகும் பின்விளக்கு ஒயரில் கரண்ட் தொடரக்கூடும்.

பொதுவாகப் பின்விளக்கு, நம்பர் பிளேட் விளக்கு, பின் பிரேக் ஸ்விட்ச்சுக்கு வரும் பாசிட்டிவ் ஆகியவை ட்ரிக்கருக்கு ஏற்றவை. இவை இருக்கைக்கு அடியில், பேட்டரிக்கு அருகிலேயே கைக்கு எட்டும். இக்னிஷன் காயில், பெட்ரோல் பம்பு, இசியு, ஏபிஎஸ் ஆகியவற்றுக்குப் போகும் ஒயர்களில் கை வைக்கவே கூடாது. ரிலே காயில் எடுப்பது சொற்பம்தான் என்றாலும், அந்த ஒயரில் நாம் உண்டாக்கும் இணைப்பு நாளைக்குத் தளர்ந்தால் என்ஜின் நின்றுபோகும், அல்லது பிரேக் எச்சரிக்கை விளக்கு எரியும். தளர்ந்தால் உயிருக்கு ஆபத்து வராத ஒயரையே தேர்ந்தெடுக்க வேண்டும் என்பதை அளவுகோலாக வைத்துக்கொள்ளலாம்.

பழைய வண்டிகளில் மற்றொரு சிக்கல் உண்டு. இந்தியச் சாலைகளில் இன்னும் ஓடிக்கொண்டிருக்கும் பல பழைய நூறு சிசி வண்டிகளில் ஹெட்லைட்டும் பின்விளக்கும் பேட்டரியில் எரிவதில்லை. என்ஜினோடு சுழன்று மின்சாரம் உற்பத்தி செய்யும் மேக்னெட்டோவிலிருந்து வரும் ஏசி கரண்டில் நேரடியாக எரிகின்றன. என்ஜினை முடுக்கினால் வெளிச்சம் கூடுவதும், நிதானமாக ஓடும்போது மங்குவதும் அதனால்தான். அந்த ஒயரை மல்டிமீட்டரின் டிசி நிலையில் சோதித்தால் ஏறக்குறைய ஒன்றுமே காட்டாது. ஏசி நிலையில்தான் அளவு தெரியும். அதை ரிலேயின் காயிலில் கொடுத்தால், காந்தம் நொடிக்குப் பல முறை பிடித்து விட்டு, பிடித்து விட்டு, ரிலே கடகடவென்று அதிர்ந்து, காண்டாக்ட் விரைவில் தீய்ந்துவிடும். அத்தகைய வண்டியில் ஹாரனுக்கோ பிரேக் ஸ்விட்ச்சுக்கோ வரும் டிசி பாசிட்டிவைத்தான் நாட வேண்டும்.

புதிய வண்டிகளில் இதே ஹெட்லைட் ஒரு நல்ல வாய்ப்பாக மாறியிருக்கிறது. 2017 ஏப்ரல் 1 முதல் இந்தியாவில் விற்கப்படும் புதிய இருசக்கர வாகனங்களில் ஹெட்லைட் தானாக எரிய வேண்டும் என்ற விதி நடைமுறையில் உள்ளது. அவற்றில் பல வண்டிகளில் என்ஜின் ஓடத் தொடங்கிய பின்பே ஹெட்லைட் எரிகிறது. ஹெட்லைட்டுக்கு டிசி கரண்ட் வரும் வண்டியாக இருந்து, ட்ரிக்கரை அங்கிருந்து எடுத்தால், துணைக் கருவிகள் சாவியோடு மட்டுமன்றி என்ஜினோடும் விழித்து உறங்கும். இது ஏன் சிறப்பு என்றால், சாவி போட்டு என்ஜின் ஓடாத நிலையில் எல்லா லோடும் பேட்டரியின் மேல்தான் விழுகிறது. தேநீர்க் கடை வாசலில் சாவியைப் போட்டபடி, 4 ஆம்பியர் இழுக்கும் விளக்குகளை ஒரு மணி நேரம் எரியவிட்டால், 8 ஆம்பியர் மணி பேட்டரி பாதியாகிவிடும். ரிலே நம்மை இதிலிருந்து காப்பாற்றாது. ஸ்டார்ட்டர் சுழலும் கணத்தில் ஹெட்லைட்டை அணைத்துவிடும் வண்டிகளில், நம் கருவிகளும் அந்தக் கணம் விலகி நின்று ஸ்டார்ட்டருக்கு முழு வலுவையும் விட்டுக்கொடுக்கும்.

சில வண்டிகளில் இந்தத் தேடலே தேவையில்லை. தொலைதூரப் பயணத்துக்கென விற்கப்படும் வண்டிகளில் துணைக் கருவிகளுக்காகவே தனி கனெக்டர் விட்டு வைத்திருப்பார்கள். கேடிஎம் அட்வெஞ்சர் வகை வண்டிகள் சிலவற்றில் ஏசிசி1 என்ற முனையில் எப்போதும் கரண்டும், ஏசிசி2 என்ற முனையில் சாவி போட்டால் மட்டும் கரண்டும் வரும். அப்படி ஒன்று இருந்தால் வண்டியின் ஒயரிங்கில் கத்தி வைப்பது வீண் வேலை. மேலும், விளக்குகளைக் கணினி கண்காணிக்கும் விலை உயர்ந்த வண்டிகளில், பின்விளக்கு ஒயரில் கூடுதலாக எதையாவது இணைத்தால் பிழைச் செய்தி வரலாம். எல்இடி விளக்கை வேகமாக அணைத்து அணைத்து மங்கலாக எரியவைக்கும் வண்டிகளில் ரிலே ரீங்கரிக்கும். அங்கெல்லாம் கம்பெனி தரும் கனெக்டரே சரியான வழி.

அடுத்து லோடு கணக்கு. 20 வாட் எல்இடி விளக்குகள் இரண்டு, 18 வாட் சார்ஜர் ஒன்று என்று எடுத்துக்கொண்டால் மொத்தம் 58 வாட். 12ஆல் வகுத்தால் 4.8 ஆம்பியர். என்ஜின் ஓடும்போது மின்னழுத்தம் 14 வோல்ட் அளவில் இருக்கும் என்பதால் உண்மையில் இதைவிடச் சற்றுக் குறைவாகவே எடுக்கும். ஆனால் கணக்கை 12இல் போடுவது பாதுகாப்பானது. இதற்கு 7.5 ஆம்பியர் ஃபியூஸ் பொருந்தும். கத்தி வடிவ ஃபியூஸ்களில் நிறமே அளவைச் சொல்லிவிடும்: 5 ஆம்பியர் வெளிர் பழுப்பு, 7.5 பழுப்பு, 10 சிவப்பு, 15 நீலம், 20 மஞ்சள். அடிக்கடி எரிகிறது என்பதற்காகப் பழுப்பை எடுத்துவிட்டு மஞ்சளைச் செருகுகிறவர்களைப் பார்க்கும்போது எனக்கு மனம் பதறும். ஃபியூஸ் காப்பது கருவியை அன்று, ஒயரை. ஒயரின் தோல் உரிந்து வண்டிச் சட்டத்தில் பட்டால், சிறிய பேட்டரியும் அந்த ஒரு கணத்தில் நூறு ஆம்பியருக்கு மேல் கொட்டக்கூடியது; அதில் செந்நிறமாகக் கனலும் ஒயர் பெட்ரோல் டேங்குக்கு அடியில்தான் ஓடுகிறது. அதனால்தான் ஃபியூஸைப் பேட்டரியின் பாசிட்டிவ் முனையிலிருந்து ஒரு சாணுக்குள் வைக்க வேண்டும். பேட்டரிக்கும் ஃபியூஸுக்கும் இடைப்பட்ட ஒயருக்கு எந்தக் காவலும் இல்லை. அது எவ்வளவு குட்டையோ அவ்வளவு நல்லது. ட்ரிக்கர் ஒயருக்கும் அதைப் பிரித்தெடுக்கும் இடத்திலேயே 2 ஆம்பியர் ஃபியூஸ் ஒன்றை வைத்துவிட்டால், அது எங்காவது உரசி ஷார்ட் ஆனாலும் வண்டியின் பின்விளக்கு ஃபியூஸ் தப்பிக்கும். பலரும் இதைச் செய்வதில்லை; பத்து ரூபாய்ப் பொருளுக்காக இதை விட்டுவிடுவது சரியன்று.

ஒயரின் தடிமனையும் ஊகத்தில் வாங்கக் கூடாது. ஒரு மீட்டர் நீளமும் 1 சதுர மில்லிமீட்டர் குறுக்கும் உள்ள செப்பு ஒயரின் தடை ஏறத்தாழ 0.0175 ஓம். பேட்டரியிலிருந்து முன்பக்க விளக்குக்குப் போக 2 மீட்டர், திரும்ப 2 மீட்டர் என்று 4 மீட்டர் வைத்துக்கொண்டு, 9 ஆம்பியரை 0.5 சதுர மில்லிமீட்டர் ஒயரில் அனுப்பினால் வழியிலேயே 1.26 வோல்ட் தொலைந்துவிடும், 1.5 சதுர மில்லிமீட்டர் ஒயரில் அது 0.42 வோல்ட்டாகக் குறைகிறது. ஹாலஜன் விளக்கில் மின்னழுத்தம் பத்தில் ஒரு பங்கு குறைந்தால் வெளிச்சம் ஏறத்தாழ 30 சதவீதம் குறைந்துவிடும் என்பதை நினைத்தால், விளக்குக்குச் செலவு செய்துவிட்டு ஒயரில் மிச்சம் பிடிப்பது எவ்வளவு நட்டம் என்பது விளங்கும். 5 ஆம்பியர் வரை 1 சதுர மில்லிமீட்டர், 10 ஆம்பியர் வரை 1.5 என்று வைத்துக்கொண்டால் பைக்கின் நீளத்துக்குப் போதுமானது. ட்ரிக்கருக்கு 0.5 போதும். வீட்டு ஒயரிங்குக்கான ஒற்றைக் கம்பி ஒயர் கூடாது. அதிர்வில் அது ஒடிந்துவிடும். பல இழை கொண்ட வாகன ஒயரையே வாங்க வேண்டும். சென்னையில் ஜெனரல் பேட்டர்ஸ் சாலைக் கடைகளில் ரிலே, சாக்கெட், ஃபியூஸ் ஹோல்டர், ஒயர் எல்லாம் ஒரே இடத்தில் கிடைக்கும். மற்ற ஊர்களில் ஆட்டோ எலக்ட்ரிக்கல் கடைகளில் கேட்கலாம்.

ஒயர் எவ்வளவு தடித்ததாக இருந்தாலும் வண்டியின் மேக்னெட்டோ உற்பத்தி செய்வதற்கு மேல் செலவழிக்க முடியாது. சிறிய வண்டிகளில் உற்பத்தியின் பெரும்பகுதியை ஹெட்லைட்டும் இன்ஜெக்‌ஷனும் பேட்டரி சார்ஜும் ஏற்கெனவே எடுத்துக்கொள்கின்றன. என்ஜின் நிதானமாக ஓடும்போது உற்பத்தி இன்னும் குறையும். ஆகவே எல்லாவற்றையும் இணைத்த பின், எல்லாம் எரியும் நிலையில் என்ஜினை மிதமாக முடுக்கிப் பேட்டரி முனைகளில் அளந்து பார்க்க வேண்டும். 13.5 வோல்ட்டுக்கு மேல் நின்றால் நிம்மதி. 12.8க்குக் கீழே இறங்கிக்கொண்டே போனால், நாம் பேட்டரியைத் தின்றுகொண்டிருக்கிறோம் என்று பொருள். லோடைக் குறைப்பதைத் தவிர வேறு வழியில்லை.

எர்த் விஷயத்தில் ஒரே ஒரு அறிவுரை: கருவியின் கறுப்பு ஒயரையும் ரிலேயின் 85ஐயும் பேட்டரியின் நெகட்டிவ் முனைக்கே கொண்டுவந்து சேர்த்துவிடுங்கள். வண்டிச் சட்டத்தில் ஏதாவது ஒரு போல்ட்டுக்கு அடியில் முடுக்கிவிடுவது எளிது. ஆனால் சட்டத்தின் மேலிருக்கும் பவுடர் கோட்டிங் மின்சாரத்தைக் கடத்தாது. கோட்டிங்கைச் சுரண்டினால் முதல் மழைக்காலத்தில் அங்கே துரு பிடிக்கும். விளக்கு சில நாள் மங்கலாகவும் சில நாள் பளிச்சென்றும் எரிந்தால், முதலில் சந்தேகிக்க வேண்டியது எர்த்தைத்தான்.

இணைப்புகளில் டேப்பை மட்டும் நம்பக் கூடாது. நம் வெயிலில் இன்சுலேஷன் டேப்பின் பசை இளகி, சில மாதங்களில் வழுக்கிக்கொண்டு அவிழ்ந்துவிடும். ஒயர் முனையில் லக் எனப்படும் உலோக முனையைச் சரியான அளவில் வைத்து, அதற்குரிய கிரிம்பிங் கருவியால் அழுத்தி, மேலே ஹீட் ஷ்ரிங்க் ஸ்லீவை மாட்டிச் சூடுகாட்டிச் சுருக்குவதே நீடிக்கும் முறை. ஓடும் ஒயரின்மேல் கவ்விக்கொள்ளும் பிளாஸ்டிக் கிளிப்புகள் வசதியானவைதான். ஆனால் அவை இழைகளில் சிலவற்றை அறுத்துவிடுகின்றன, தண்ணீரையும் உள்ளே விடுகின்றன. ஒயரை ஹேண்டில் பக்கம் கொண்டுபோகும்போது, ஹேண்டிலை இடக்கோடிக்கும் வலக்கோடிக்கும் திருப்பிப் பார்த்து, எந்த நிலையிலும் இறுகாத அளவுக்குத் தளர்ச்சி விட வேண்டும். சைலன்சர் பைப்பின் அருகே ஒயர் போகக் கூடாது. ரிலேயை அதன் கால்கள் தரையைப் பார்க்கும்படி மாட்டினால், மழையில் ஒயர் வழியே வடியும் நீர் உள்ளே இறங்காது.

விளக்கு என்றால், சாவி போட்ட நேரமெல்லாம் எரிய வேண்டியதில்லை. கைக்கு எட்டும் ஸ்விட்ச் ஒன்றும் தேவைப்படும். அந்த ஸ்விட்ச்சை 87இலிருந்து விளக்குக்குப் போகும் தடித்த ஒயரில் வைக்காமல், 86க்கு வரும் மெல்லிய ட்ரிக்கர் ஒயரில் வைக்க வேண்டும். அப்போது 0.2 ஆம்பியர் தாங்கும் சிறிய ஸ்விட்ச்சே போதும். சாவியும் ஸ்விட்ச்சும் இரண்டும் போட்டிருந்தால்தான் விளக்கு எரியும். கொல்லிமலையின் 70 கொண்டை ஊசி வளைவுகளைப் பனியில் ஏறுகிறவருக்குக் கூடுதல் விளக்கு எவ்வளவு பெரிய துணை என்பதை நான் அறிவேன்; அதே விளக்கு சமவெளிச் சாலையில் எதிரே வருபவரின் கண்ணைப் பறிக்கும் என்பதால், கீழ்நோக்கிச் சாய்த்து மாட்டுவதும், ஸ்விட்ச்சால் அணைத்து வைப்பதும் நம் கடமை. முன்புறம் ஸ்பாட் லைட் பொருத்துவதற்கு மோட்டார் வாகன விதிகளில் கட்டுப்பாடு இருப்பதால், வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் கேட்டுத் தெளிந்துகொள்வது நல்லது.

இரண்டு மூன்று கருவிகள் சேர்ந்துவிட்டால், ஒவ்வொன்றுக்கும் ஒரு ரிலே என்று பெருக்க வேண்டாம். ஒரே ரிலேயின் 87இலிருந்து நான்கு வழி ஃபியூஸ் பெட்டி ஒன்றுக்குக் கொடுத்து, அங்கிருந்து ஒவ்வொரு கருவிக்கும் அதற்கேற்ற ஃபியூஸோடு பிரித்துக்கொள்ளலாம். தனி ஸ்விட்ச் வேண்டிய விளக்குக்கு மட்டும் இன்னொரு ரிலே போதும். திருட்டைக் கண்காணிக்கும் ஜிபிஎஸ் கருவியை மட்டும் இந்த ஏற்பாட்டில் சேர்க்கக் கூடாது. சாவி இல்லாதபோதுதான் அதற்கு வேலை. அத்தகைய கருவிகள் பலவற்றில் சாவி நிலையை அறிவதற்கெனத் தனி ஒயர் இருக்கும்; அதை மட்டும் ட்ரிக்கரோடு சேர்த்து, முதன்மை ஒயரை ஃபியூஸ் வழியாக நேரே பேட்டரிக்குக் கொடுக்க வேண்டும்.

வேலையில் இறங்கும்போது பேட்டரியின் நெகட்டிவ் முனையை முதலில் கழற்றி, கடைசியில் மாட்ட வேண்டும். பாசிட்டிவை முடுக்கும் ஸ்பேனர் தவறிச் சட்டத்தில் பட்டாலும், நெகட்டிவ் கழன்றிருந்தால் தீப்பொறி எழாது. எல்லாம் இணைத்தபின், நெகட்டிவை மாட்டுமுன் ரிலே ஃபியூஸை உருவி வைத்துக்கொள்ளுங்கள். நெகட்டிவை மாட்டி, வண்டியின் சொந்த விளக்குகளும் ஹாரனும் முன்போல வேலை செய்கின்றனவா என்று பார்த்துவிட்டு, அதன்பின் ஃபியூஸைச் செருகிச் சாவியைத் திருப்புங்கள். ரிலேயில் 'க்ளிக்' என்று ஓர் ஒலி கேட்கும். ட்ரிக்கரை ஹெட்லைட்டிலிருந்து எடுத்திருந்தால், அது என்ஜின் ஓடத் தொடங்கியபின் கேட்கும். சாவியை அணைத்தால் மறுபடி ஒரு க்ளிக். கருவி அணைந்திருக்க வேண்டும்.

இன்னும் ஓர் அளவீடு மீதம் இருக்கிறது. சாவி அணைந்த நிலையில் நெகட்டிவ் ஒயரைக் கழற்றி, மீட்டரை 10 ஆம்பியர் டிசி நிலைக்கு மாற்றி, சிவப்பு முனையை அதற்குரிய தனித் துளையில் செருகி, கழற்றிய ஒயருக்கும் பேட்டரியின் நெகட்டிவ் முனைக்கும் இடையே மீட்டரை வையுங்கள். இந்த நிலையில் ஸ்டார்ட்டரைத் தொடவே கூடாது. மீட்டரின் ஃபியூஸ் போய்விடும். கடிகாரத்துக்கும் இசியுவுக்கும் வண்டி தன்னளவில் எடுக்கும் சில மில்லி ஆம்பியர் மட்டும் தெரியும். இப்போது ரிலே ஃபியூஸை உருவிப் பாருங்கள். எண் சிறிதும் மாறவில்லையென்றால் இணைப்பு சரியாக அமைந்திருக்கிறது. பிறகு ஒரு தாளில், ட்ரிக்கரை எந்த நிற ஒயரிலிருந்து எடுத்தீர்கள், ரிலே எங்கே இருக்கிறது, எந்த ஃபியூஸ் எந்தக் கருவிக்கு என்பதை எழுதி, பிளாஸ்டிக் உறையில் போட்டு இருக்கைக்கு அடியில் செருகிவிடுங்கள். அடுத்த முறை அந்த இருக்கையைத் திறக்கிறவர் வேறொரு மெக்கானிக்காக இருக்கலாம்.